தண்டுக்குள் ஒளிந்திருக்கும் விகாரம்: நியூத்திரன் படமா, ஒரு சின்னத் துளையா?

போன பெரும்போக அறுவடை முடிந்து மில்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த நேரம், சம்மாந்துறையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் அரிசி மில்லில் பிரதான தண்டு முறிந்தது. இரண்டு அங்குலத் தண்டு. பெயரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டதென்று அதன்மேல் வெல்டிங் போட்டு நிரப்பி, லேத்தில் கடைந்து பூட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வெல்டிங் முடிகிற ஓரத்தில், குறுக்கே, வாளால் அறுத்ததுபோல முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் கடல் அலை மணலில் விட்டுப்போகும் கோடுகளைப் போல வளையங்கள். உலோகம் களைத்து, விரிசல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து முறிந்ததற்கு அதுதான் அடையாளம்.

மில்காரர் வெல்டிங்கைக் குறை சொன்னார். வெல்டிங் பாஸ் இரும்பைக் குறை சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கும் என் மருமகன் புகுந்தான். "மாமா, இத வெட்டாமலே உள்ளுக்குப் பார்க்கலாம். நியூத்திரன விட்டு விகாரத்தைப் படமா எடுக்கிறாங்க" என்று கைபேசியை நீட்டினான். நியூத்திரன் என்றால் அணுவின் கருவிலுள்ள மின்னேற்றமில்லாத துகள். விகாரம் என்றால் உலோகம் எந்த விகிதத்தில் நீண்டது அல்லது நெருங்கியது என்பது. ஓர் உருக்குத் துண்டு. இழுபட்ட இடம் சிவப்பு, நெருக்குப்பட்ட இடம் நீலம். பார்க்க அழகுதான். ஆய்வுத் திட்டத்துக்கு அதையே எழுதிக்கொடுக்கப் போவதாகச் சொன்னான். ஒரு கிழமை பொறு என்றேன். அந்தக் கிழமையில் கல்முனை வீட்டு விறாந்தையில் இருந்து நாங்கள் போட்ட கணக்குத்தான் இது.

முதலில், தேடுகிற பொருள் எவ்வளவு சின்னது என்று தெரிய வேண்டும். வெல்டிங் உலோகம் உருகி ஊற்றப்பட்டு ஆறும்போது சுருங்கப் பார்க்கும். அடியில் இருக்கும் குளிர்ந்த தண்டு விடாது. அந்த இழுபறி, தண்டு ஆறிய பிறகும் உள்ளேயே நின்றுவிடும். யாரும் பாரம் ஏற்றாமலே உலோகம் இழுபட்டு நிற்கிறது. இதுதான் எஞ்சிய தகைப்பு. வெல்டிங்கில் இது உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லைவரைகூடப் போகும். சாதாரண உருக்குக்கு அந்த எல்லை 250 மெகா பஸ்கால் அளவு. உருக்கின் விறைப்பைச் சொல்லும் எண்ணான யங்கின் மட்டு 200 கிகா பஸ்கால் என்று வைத்தால் விகாரம் ஆயிரத்தில் 1.25. ஒரு மீற்றர் கம்பி ஒன்றேகால் மில்லிமீற்றர் நீண்ட கணக்கு. இதைக் கோல் வைத்து அளக்க முடியாது, ஏனென்றால் நீளாத தண்டு எப்படி இருந்தது என்று காட்ட யாரிடமும் இன்னொரு தண்டு இல்லை.

ஆனால் உலோகத்துக்குள்ளேயே ஒரு கோல் இருக்கிறது. இரும்பு அணுக்கள் பளிங்குக்குள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மிக நெருக்கமாக அணுக்கள் நிறைந்த தளங்களுக்கு இடையில் 0.2027 நனோமீற்றர் இடைவெளி. உலோகம் இழுபட்டால் அதே விகிதத்தில் இந்த இடைவெளியும் விரியும். அலைகள் இப்படிப்பட்ட அடுக்குகளில் பட்டு, அலைநீளத்தையும் இடைவெளியையும் பொறுத்துக் குறிப்பிட்ட கோணங்களில் சிதறுவதைக் 'கோணல்' என்பார்கள். அதற்கான பிராக்கின் சமன்பாடுதான் இந்த இடைவெளியை அளக்கும் வழி.

நியூத்திரன் படம் அதே சமன்பாட்டை ஒரு குறும்பான இடத்தில் பிடிக்கிறது. நியூத்திரனின் அலைநீளம் கூடக்கூட, தளங்கள் அதைச் சிதறடிக்கும் கோணமும் விரிந்துகொண்டே போகும். அலைநீளம் இடைவெளியின் சரியாக இரண்டு மடங்கை எட்டும்போது நியூத்திரன் வந்த வழியே திரும்புகிறது. அதற்கு மேலே அந்தத் தளத்தால் சிதறடிக்கவே முடியாது. அதுவரை தடுத்துக்கொண்டிருந்த கதவு திறந்ததுபோல, ஊடுருவி வரும் நியூத்திரன்களின் எண்ணிக்கை சட்டென்று உயரும். பிராக் விளிம்பு என்று இதைச் சொல்வார்கள். இரும்பில் அந்த முதன்மை விளிம்பு 0.405 நனோமீற்றரில் வருகிறது. தளங்கள் விலகியிருந்தால் விளிம்பும் நகரும். உணரியின் ஒவ்வொரு புள்ளியிலும் விளிம்பு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் படம் கிடைத்துவிடும்.

அலைநீளத்தை எப்படி அறிகிறார்கள் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஓட விட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 0.405 நனோமீற்றர் நியூத்திரன் விநாடிக்கு ஏறத்தாழ 976 மீற்றர் ஓடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு, காற்றில்லாத குழாய் ஒன்று போட்டுக் கொடுத்தால், முக்கால் நிமிடத்துக்குள் போய்விடும். இங்கிலாந்தின் ஐசிஸ் என்ற நியூத்திரன் ஆய்வு நிலையத்தில் உள்ள ஐமாட் என்ற கருவியில் நியூத்திரன் துடிப்புத் துடிப்பாகப் புறப்பட்டு 56 மீற்றர் ஓடி மாதிரிக்கு வருகிறது. கணக்குப் போட்டால் 57 மில்லிவிநாடி. நம் தண்டில் இருக்கக்கூடிய மிகப் பெரிய விகாரம் அந்த நேரத்தை 72 மைக்ரோ விநாடிதான் மாற்றும். நல்ல அளவீடு என்று சொல்ல வேண்டுமென்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விகாரத்தைப் பிடிக்க வேண்டும். அது ஆறு மைக்ரோ விநாடிகூட இல்லை. இதைப் பிடிக்கும் உணரிகள் இருக்கின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 28 மில்லிமீற்றர்ச் சதுரத்துக்குள் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளி ஒன்று 55 மைக்ரோமீற்றர். ஜப்பானின் தொக்காய் கிராமத்தில் ஜேபார்க் வளாகத்திலுள்ள ராடென் கருவியும் இந்த வேலைக்கென்றே கட்டப்பட்டது.

இதுவரை சொன்னதைக் கேட்டால் மருமகன் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். எனக்கும் முதல் நாள் இரவு அப்படித்தான் தோன்றியது.

இரண்டாம் நாள் ஒரு துண்டுக் கடதாசியில் தண்டை வரைந்து, கதிர் எந்தப் பக்கத்தால் நுழையும் என்று அம்புக்குறி போட்டோம். அங்கேதான் சிக்கல். பிராக் விளிம்பு நகர்வது நியூத்திரன் எதிரே திரும்பும் நிலையில். அப்படியென்றால் அது காணும் விகாரம் கதிர் போகும் திசையில் உள்ளது மட்டும். தண்டின் குறுக்கே கதிரை விட்டால் குறுக்கு விகாரம் தெரியும்: மையம் நோக்கியதும் சுற்றுவட்டத்தில் உள்ளதும் கலந்த ஒன்று. ஆனால் நம் தண்டு குறுக்கே முறிந்தது. குறுக்கே விரிசல் திறப்பது நீளவாக்குத் தகைப்பு. எந்தக் கோணத்தில் தண்டைத் திருப்பி வைத்துக் குறுக்கே படம் எடுத்தாலும் நீளவாக்கு விகாரம் அந்தப் படத்துக்குள் நேரே வராது. நீளவாக்கில் கதிரை விடலாம் என்றால், தண்டைச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டும். வெட்டினால் நீளவாக்குத் தகைப்புத்தான் முதலில் தளர்ந்து ஓடும். திருடனைப் பிடிக்கப் போய்க் கதவைத் திறந்துவிட்ட கதை.

அடுத்தது தடிப்பு. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கதிர் கடந்த பாதை முழுவதன் சராசரி. ஒரு பக்கம் இழுவையும் மறுபக்கம் நெருக்கலும் சமமாக இருந்தால் படம் பூச்சியம் என்று சொல்லும். ஒன்று முதல் மூன்று சென்ரிமீற்றர் உருக்கில் வேலை வசதியாக நடக்கும். ஐந்து சென்ரிமீற்றரில் கடந்து வரும் நியூத்திரன்கள் மிகவும் குறைந்துபோவதால், விளிம்பைத் துல்லியமாகப் பொருத்த நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். உணரியில் 55 மைக்ரோமீற்றர்ப் புள்ளிகள் இருந்தாலும், எண்ணிக்கை போதாமல் பல புள்ளிகளைச் சேர்த்துத்தான் ஒரு விகார அளவு எடுக்க முடியும். கைபேசியில் பார்த்த வழுவழுப்பான படத்துக்குப் பின்னால் இந்தச் சேர்த்தல் இருக்கிறது.

"சீ.டி. ஸ்கான் மாதிரிச் சுற்றிச் சுற்றி எடுத்தா சராசரி பிரச்சினை போயிரும்தானே மாமா?" நல்ல கேள்வி. மருத்துவ ஸ்கானில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஓர் எண், அடர்த்தி. விகாரத்துக்குத் திசை உண்டு. ஓர் இடத்துக்கே ஆறு எண்கள் வேண்டும். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. நீட்சி ஓர் இடப்பெயர்ச்சியால் வந்ததென்றால், பாதையின் சராசரி அந்தப் பாதையின் இரு முனைகள் எவ்வளவு விலகின என்பதை மட்டுமே சொல்லும். முனைகள் அசையாமல் உள்ளே மட்டும் இழுபறி வேறுபட்டால், இரண்டு வேறு நிலைமைகள் ஒரே படத்தைத் தரும். 2015-இல் லயன்ஹார்ட், விதர்ஸ் என்ற இருவர் இந்த எல்லையைக் கணித வழியில் தெளிவாக்கினார்கள். அதைத் தாண்ட ஒரு வழி உண்டு: உடலுக்குள் விசைகள் சமநிலையில் இருந்தாக வேண்டும் என்ற விதியையும் கணக்கில் சேர்ப்பது. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு ராடென் கருவியில் இந்த வழியில் விகாரத்தை மீட்டெடுத்துக் காட்டியிருக்கிறது. அருமையான வேலை. ஆனால் பத்துக்கணக்கான கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் கதிர் நேரம். இறுதி ஆண்டு மாணவன் ஒருவனின் முறிந்த தண்டுக்கு அந்த நேரத்தை யாரும் தரமாட்டார்கள்.

தட்டையான தகடு என்றால் பேச்சு வேறு. பத்து மில்லிமீற்றர்த் தகடு இரண்டை ஒட்டி, நேர் எதிரே கதிரை விட்டால், ஒரே தடவையில் ஒட்டின் இரு பக்கமும் சேர்ந்து படமாகும். புள்ளி புள்ளியாக அளக்கும் முறைகளில் நாட்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். அங்கேயும் ஒரு விலை கொடுக்கிறோம்: கதிர் திசை தகட்டின் தடிப்புத் திசை. தடிப்பில் வரும் விகாரம், தகட்டின் தளத்தில் உள்ள இரு தகைப்புகளின் கூட்டுத்தொகையால் வருவது. தனித்தனியே தெரியாது. பத்தாயிரத்தில் ஒரு பங்குப் பிழை அந்தக் கூட்டுத்தொகையில் 67 மெகா பஸ்கால் பிழையாக வீங்கும். நேரடியாக அளந்தால் அதே பிழை 20 தான். என்றாலும், 'எங்கே மோசம்' என்ற கேள்விக்கு இந்தப் படத்தைப்போல வேறொன்று பதில் சொல்லாது. கடினப்படுத்திய பகுதி எதுவரை போகிறது, உருக்கின் உள்கட்டமைப்பு எங்கே மாறுகிறது என்பனவும் பிராக் விளிம்பின் வடிவத்திலும் அகலத்திலும் தெரியும். பழைய ஜப்பானிய வாள்களை வெட்டாமல் இப்படித்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். வாளை வெட்ட முடியாது. முறிந்த தண்டை யாருக்காகப் பாதுகாக்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கேட்டதும் மற்ற வழிகளின் கணக்கே மாறிவிட்டது.

நியூத்திரன் வேண்டும்தான் என்றால், படத்தைவிடக் கோணல் முறை இந்தத் தண்டுக்குப் பொருந்தும். சில மில்லிமீற்றர்ப் பக்கமுள்ள ஒரு சின்னக் கனசதுரத்தை மட்டும் குறிவைத்து, அந்த இடத்தில், விரும்பிய திசையில் அளப்பார்கள். மாதிரியைத் திருப்பி வைத்தால் மூன்று திசையும் கிடைக்கும், நீளவாக்கும் உட்பட. ஐசிஸில் என்ஜின்-எக்ஸ், பிரான்ஸின் கிரெனோபிளில் சல்சா, சிட்னிக்கு அருகே கோவாரி எல்லாம் இந்த வேலைக்கானவை. ஐ.எஸ்.ஓ. 21432 என்று இதற்கு ஒரு சர்வதேச நியமமே உண்டு. இங்கேயும் கணக்குப் பார்த்தோம்: இரண்டு அங்குலத் தண்டின் மையத்தில் நீளவாக்கு விகாரம் அளக்க, கதிர் சரிவாக உள்ளே போய்ச் சரிவாக வெளியே வர வேண்டும். பாதை 70 மில்லிமீற்றரைத் தொடுகிறது. மையம் கடினம், மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீற்றர் எளிது. நமக்கு வேண்டியதும் மேற்பரப்புப் பக்கம்தான், ஏனென்றால் களைப்பு விரிசல் அங்கேதான் பிறக்கும்.

நியூத்திரனின் இரண்டு முறைகளையும் கடிக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். விகாரம் என்றால் 'எதிலிருந்து எவ்வளவு மாறியது' என்ற ஒப்பீடு. இழுபடாத அதே உலோகத்தின் இடைவெளி தெரிய வேண்டும். வெல்டிங் கம்பியின் உலோகமும் தண்டின் உலோகமும் ஒன்றல்ல. காபன் அளவு மாறினாலே இடைவெளி மாறும். ஆகவே ஒட்டிலிருந்து சீப்புப் பல்லைப்போல மெல்லிய துண்டுகள் அறுத்து, தகைப்பைத் தளரவிட்டு, அவற்றையும் அளக்க வேண்டும். 'வெட்டாமல் பார்க்கலாம்' என்ற விளம்பரம் இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளாடும்.

இந்த வேலைக்கேற்ற நியூத்திரன் கதிர் தரும் நிலையம் இலங்கையில் கிடையாது. அருகில் என்றால் இந்தியா: மும்பை டிராம்பேயில் 1985-இல் இயங்கத் தொடங்கிய 100 மெகா வாட் துருவா அணு உலை, கல்பாக்கத்தில் 30 கிலோ வாட் காமினி. காமினியில் யுரேனியம் 233 எரிபொருள், நியூத்திரன் நிழற்படம் எடுக்கப் பயன்படுவது. நிழற்படம் வேறு, விகாரப் படம் வேறு. முன்னதற்கு அலைநீளத்தைப் பிரித்தறியத் தேவையில்லை. (நம் ஆட்கள் வெல்டிங்குக்கு எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது விரிசலையும் காற்றுக் குமிழையும் காட்டும். இழுபறி அதற்குத் தெரியாது.) வெளிநாட்டு நிலையங்களில் நல்ல ஆய்வு முன்மொழிவுக்குக் கதிர் நேரம் இலவசமாகவே கிடைக்கலாம், முடிவை வெளியிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் போட்டி கடுமை. விண்ணப்பித்து, தெரிவாகி, முறை வர மாதங்கள் போகும். இறுதி ஆண்டு அதற்குள் முடிந்துவிடும். நியூத்திரன் பட்ட மாதிரி கொஞ்சம் கதிரியக்கம் கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. உருக்கிலுள்ள மங்கனீசால் வருவது இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். தண்டில் கோபால்ட் கலந்த கடினப் பூச்சு இருந்தால் அதன் அரை ஆயுள் ஐந்து வருடத்துக்கு மேல். மாதிரி ஊருக்குத் திரும்பி வருவது சந்தேகம்.

சிங்குரோத்திரன் எக்ஸ் கதிர், அதாவது எலத்திரன்களை வட்டப் பாதையில் வேகமாக ஓடவிட்டு எடுக்கும் வலிமையான கதிர், பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வேகம் அபாரம், நுணுக்கம் அபாரம், ஆனால் இரண்டு அங்குல உருக்கு அதற்கும் தடிப்பு. விண்ணப்ப வரிசையும் அதேதான். ஆய்வுகூட எக்ஸ் கதிர்க் கருவி உருக்கில் ஐந்து மைக்ரோமீற்றர் அளவுதான் போகும். நம் தண்டை வெல்டிங்குக்குப் பிறகு லேத்தில் கடைந்திருக்கிறார்கள். அந்த ஐந்து மைக்ரோமீற்றரில் எழுதியிருப்பது லேத் உளியின் கதை, வெல்டிங்கின் கதை அல்ல.

அப்புறம் மிஞ்சியது துளை. மேற்பரப்பில் மூன்று திசையில் அமைந்த ஸ்ட்ரெயின் கேஜ் (விகாரத்தை அளக்கும் மெல்லிய உணரி) ஒன்றை ஒட்டி, அதன் நடுவில் இரண்டு மில்லிமீற்றர் விட்டத்தில் படிப்படியாகத் துளை போடுவது. உலோகம் போனதும் சுற்றியுள்ள இடம் தளரும். தளர்ந்த அளவிலிருந்து அங்கே என்ன இருந்தது என்று கணக்கிடலாம். ஏ.எஸ்.டி.எம். ஈ837 என்ற நியமம் இதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம்வரை தெரியும், நீளவாக்கும் சுற்றுவாக்கும் இரண்டும். இழுபடாத மாதிரி தேவையில்லை. கேஜ் பக்குவமாக ஒட்டத் தெரிய வேண்டும், துளை கேஜின் மையத்தை விட்டு விலகக்கூடாது, தகைப்பு நெளியும் எல்லையை நெருங்கினால் கணக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். இவ்வளவுதான் கவனிக்க வேண்டியவை.

துளைக்குத் துணையாக, 2001-இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் பிரைம் என்பவர் வெளியிட்ட வெட்டுமுக முறை. தண்டை வயர் ஈ.டி.எம். மெஷினில் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் உலோகத்தை அறுப்பது) குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால், உள்ளே இருந்த நீளவாக்குத் தகைப்பு தளர்ந்து வெட்டுமுகம் மைக்ரோமீற்றர் அளவில் மேடும் பள்ளமுமாகும். அந்த மேடுபள்ளத்தை அளந்து, கணினியில் முகத்தைத் திரும்பச் சமமாக்க எவ்வளவு தகைப்பு வேண்டும் என்று கேட்டால், குறுக்குவெட்டு முழுவதுக்கும் நீளவாக்குத் தகைப்பின் படம் வந்துவிடும். நிறப் படம் வேண்டும் என்ற மருமகனின் ஆசையும் தீரும். அது நமக்கு வேண்டிய திசையிலேயே இருக்கும். ஓரத்தில் மட்டும் நம்ப முடியாது. அந்த ஓரத்தைத்தான் துளை பார்த்துக்கொள்கிறதே. வயர் மெஷினுக்குக் கொழும்புப் பக்கம் அச்சு செய்யும் பட்டறைகளில் விசாரிக்க வேண்டும்.

ஆகவே திட்டத்தின் தலைப்பு மாறியது. முறிந்த தண்டையும் பயன்படுத்தப் போவதில்லை. முறிவு நடந்தபோதே அந்த இடத்தில் இருந்த தகைப்புப் போய்விட்டது. இனி அதை எந்தக் கதிரும் மீட்டுத் தராது. அதே கடையில் அதே உருக்குக் கம்பி வாங்கி, அதே பாஸின் கையால், அதே வெல்டிங் கூரால் இரண்டு தண்டு செய்வது. ஒன்று அவர் வழக்கப்படி, மற்றது முன்சூடு கொடுத்து. இரண்டிலும் துளை, பிறகு வெட்டு. நியூத்திரன் படத்துக்கு மருமகன் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி வைத்திருக்கிறான்: மேற்படிப்புக்குப் போனால் தண்டை விட்டுவிட்டுத் தகடு ஒட்டில் செய்வதாக. அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை பாஸிடம் போய்ச் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன்சூடு சரி மனே. முடிஞ்சாப்பிறகு சுடச்சுட உமிச்சாம்பலுக்குள்ள புதைச்சு வெச்சா? எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில அப்படித்தான் ஆறவிடுவாங்க" என்றார். ஆறுதலாக ஆறினால் வெல்டிங் ஓரத்தின் கடினம் குறையும், உள்ளே சிக்கிய ஐதரசனும் வெளியேற நேரம் கிடைக்கும். எஞ்சிய தகைப்பு அதனால் பெரிதாகக் குறையும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மருமகன் கொப்பியைத் திறந்து இரண்டு தண்டு என்பதை வெட்டிவிட்டு மூன்று என்று எழுதினான்.